கடைசி நூறு மெகாஹெர்ட்ஸ்

மைக்ரோசாப்டில் ரேமண்ட் சென் என்றொரு புரோகிராமர். விண்டோஸின் உள்விவகாரங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருபவர். 2005-ல் அவர் எழுதிய ஒரு சமாச்சாரம் கம்ப்யூட்டர் பிரியர்கள் நடுவே இன்னமும் சுற்றுகிறது. விண்டோஸ் கிராஷ் ஆகும்போது மைக்ரோசாப்டுக்குப் போய்ச் சேரும் பிழை அறிக்கைகளை அவருடைய சக ஊழியர் ஒருவர் அலசிக்கொண்டிருந்தார். அவற்றில் சில அறிக்கைகளுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. புரோகிராம் விழுந்த இடத்தில் இருந்த கட்டளை, பிராசஸருக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரை அதனுடனேயே எக்ஸார் செய்து பூஜ்யமாக்குவது, அவ்வளவுதான். மெமரியைத் தொடுவதில்லை, எதையும் வகுப்பதில்லை. தப்பு நடக்க இடமே இல்லாத கட்டளை. அங்கே போய் கிராஷ் ஆகியிருக்கிறது.

அறிக்கை அனுப்பியவர்களைத் தொடர்புகொண்டு விசாரித்ததில் விடை கிடைத்தது: ஓவர்கிளாக்கிங். கம்பெனி குறித்துக் கொடுத்ததைவிடக் கூடுதல் வேகத்தில் அந்த பிராசஸர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிலருக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்கவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துப் பார்க்கவைத்தால், விற்ற கடையே வேகத்தைக் கூட்டி, மேல்ரக பிராசஸர் என்று தலையில் கட்டியிருக்கிறது.

பூஜ்யம் என்று எழுதத் தெரியாமல் ஒரு பிராசஸர் தடுமாறுவது எப்படி? கணக்கு சுலபம். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைக்கும் நேரம் 250 பிகோ வினாடி. 5 கிகாஹெர்ட்ஸில் அது 200 ஆகக் குறைகிறது. அந்த இடைவெளிக்குள் சிக்னல் ஒரு வரிசை டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்பு வருவதற்குள் தன் இடத்தில் நிலைபெற வேண்டும். கோடிக்கணக்கான பாதைகளில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடச் சற்று மந்தமாக இருக்கும். அந்த ஒன்று தவறினால் போதும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகின்றன. அதே வோல்டேஜ் வெப்பத்தையும் கூட்டுகிறது. சூடு ஏறினால் கசியும் மின்சாரம் கூடுகிறது, அது மறுபடியும் சூட்டை ஏற்றுகிறது. ஓவர்கிளாக்கிங் என்பது மொத்தமும் வேகம், வோல்டேஜ், சூடு என்ற மூன்றுக்கும் நடுவே நடக்கும் பேரம்.

ஆனால் பேரம் முறிந்தது எந்த இடத்தில் என்று கம்ப்யூட்டர் சொல்லாது. ஹேங் ஆகும், நீலத்திரை காட்டும், சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். பெரும்பாலானவர்கள் உடனே "இந்தச் சிப்புக்கு இவ்வளவுதான் சரக்கு" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். நிறைய நேரம் அந்தத் தீர்ப்பு தப்பு. முதலில் மண்டியிட்டது பிராசஸராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதற்கு செலரான் 300ஏ-வைவிட நல்ல சாட்சி கிடையாது. 1998 ஆகஸ்டில் இன்டெல் 149 டாலருக்கு வெளியிட்ட சாதாரண ரக பிராசஸர் அது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டின் பஸ் வேகம் 66, உள்ளே பூட்டப்பட்ட மல்டிபிளையர் 4.5. இரண்டையும் பெருக்கினால் 300. அதே சமயத்தில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரானின் மல்டிபிளையரைத் தொட முடியாது, ஆனால் பஸ்ஸை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 450 வந்துவிடும். ஏபிட் நிறுவனத்தின் பிஹெச்6 மதர்போர்டில் இதை பயாஸிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், பிராசஸர் கார்டின் பி21 என்ற ஒரே ஒரு பின்னை செல்லோடேப்பால் மூடினார்கள். பிராசஸர் 66 கேட்கிறது என்று போர்டுக்குச் சொல்வது அந்தப் பின்தான். அதன் வாயை அடைத்தால் போர்டு 100 கொடுத்துவிடும்.

விசித்திரம் இனிமேல்தான். ஒரேயடியாக 450-க்குப் போகப் பயந்து, பஸ்ஸை 83-க்கு மட்டும் ஏற்றியவர்கள் உண்டு. பிராசஸர் ஓடுவது 375 மெகாஹெர்ட்ஸ்தான், மிதமான உயர்வு. ஆனால் அங்கேதான் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் கெட்டன, கார்டுகள் தகராறு செய்தன. அதே சிப் 450-ல் நிம்மதியாக ஓடியது. காரணம், பிசிஐ பஸ்ஸின் வேகம் முதன்மை பஸ்ஸின் வேகத்தை வகுத்து எடுக்கப்பட்டது. 66-ஐ இரண்டால் வகுத்தால் 33, அதுதான் பிசிஐ-யின் முறையான வேகம். 100-க்கு வந்ததும் போர்டு மூன்றால் வகுக்கும், மறுபடியும் 33. நடுவில் 83-ஐ இரண்டால் வகுத்தால் 41-க்கு மேல். பிராசஸர் அசையவே இல்லை, மூச்சு வாங்கியது ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர். இதை அறியாமல் 375-ல் தோற்று, இந்தச் சிப்பு உதவாது என்று மூட்டை கட்டியவர்கள் எத்தனை பேரோ!

2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் இந்தக் கதையைத் தலைகீழாகப் போட்டது. எல்லா வேகத்துக்கும் மூலம் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றே. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் அதிலேயே கோக்கப்பட்டிருந்தன. அதை ஐந்து சதவீதம் கூட்டினாலே ஏதாவது ஒன்று முரண்டுபிடிக்கும். ஆகவே மல்டிபிளையர் திறந்திருந்த 2500கே, 2600கே போன்ற 'கே' ரகங்களுக்குத்தான் யோகம். 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்து வந்த 2500கே, ஒரு நல்ல கூலர் இருந்தால் சர்வசாதாரணமாக 4.4, 4.5 வரை போனது. அதை வைத்துப் பத்து வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எது மண்டியிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழகியவர்கள் முதலில் செய்வது, எல்லாவற்றையும் கம்பெனி வேகத்துக்கே திருப்பி வைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டிப் பார்ப்பது. சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாதது. 2016 ஜனவரியில் ஸ்கைலேக் பிராசஸர்கள் ஒரு குறிப்பிட்ட கணக்கைக் கொடுத்தால் உறைந்துபோவதாகப் புகார் எழுந்தது. ஓவர்கிளாக் செய்யாதவையும் உறைந்தன. குறை சிப்பிலேயே இருந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்தது. கம்பெனி வேகத்தில் சோதிக்காமல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போயிருந்தால், ஒருவர் ஆயுசுக்கும் அந்தக் குறையைத் தாண்டியிருக்க முடியாது.

அந்தக் கணக்கைக் கொடுத்தது பிரைம்95 என்ற மென்பொருள். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய கூட்டு முயற்சியின் கருவி அது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் உழைப்பு மொத்தமும் வீண் என்பதால், கம்ப்யூட்டரை முதலில் வறுத்தெடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். அது பிழையைப் பிடிக்கும் விதம் அழகானது. ராட்சத எண்களின் பெருக்கலை அது தசம எண்களால் செய்கிறது. முடிவுகள் முழு எண்களுக்கு மிக அருகே வந்து விழ வேண்டும். ஏதாவது ஒரு விடை முழு எண்ணிலிருந்து 0.4-க்கு மேல் விலகி நின்றால், பிராசஸரோ மெமரியோ பொய் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம், அந்தக் கணக்கு ஓடும் திரியை (த்ரெட்) உடனே நிறுத்திவிடும். விண்டோஸ் அப்போது எந்தச் சலனமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கிராஷ் ஆவதற்கு வெகுநேரம் முன்பே பிராசஸர் தப்புக் கணக்கு போட ஆரம்பித்துவிடுகிறது என்பதை நேருக்கு நேர் காட்டும் இடம் இது. 'என் சிஸ்டம் ஹேங் ஆவதில்லை, எனவே ஸ்டேபிள்' என்று சொல்பவர்களை இந்தச் சோதனைக்கு முன் உட்காரவைத்துவிட்டுப் பேசலாம்.

எந்தத் திரி விழுந்தது என்று பார்த்தால் எந்தக் கோர் சோடை என்பது ஓரளவு தெரியும். சின்ன அளவுக் கணக்குகள் பிராசஸரின் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும். அதில் விழுந்தால் கோரையும் அதன் வோல்டேஜையும் சந்தேகிக்க வேண்டும். சின்னதில் தேறி, பெரிய அளவில் விழுந்தால் ராம் அல்லது மெமரி கன்ட்ரோலர் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று: ராம் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை எட்ட பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் போடுகிறோமே, அதுவே ஓவர்கிளாக்கிங்தான். பிராசஸரின் எல்லையைத் தேடும்போது அதை அணைத்துவைப்பதுதான் முறை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அசைக்க வேண்டும். மூன்றை அசைத்துவிட்டு எது காரணம் என்று தேடுவதற்கு ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

நீலத்திரையில் வரும் எண்களும் துப்பு கொடுக்கும். 124, 101 என்று முடியும் பிழைகள் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் பற்றாக்குறை. 1ஏ, 50 என்று முடிந்தால் முதல் சந்தேகம் மெமரிமீது. இது அனுபவஸ்தர்களின் வழக்கே தவிர வேதவாக்கு அல்ல. அதைவிட நம்பகமானது விண்டோஸின் ஈவென்ட் வியூவர். அதில் டபிள்யூஹெச்இஏ என்ற பெயரில், 19 என்ற எண்ணோடு வரும் பதிவுகள், பிராசஸர் தடுமாறித் தானே திருத்திக்கொண்ட பிழைகள். கிராஷ் இல்லை, திரையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் உள்ளே வரிசையாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் உள்ளிணைப்பின் வேகத்தை 1900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிய பலருடைய கம்ப்யூட்டர்களில் இந்தப் பதிவுகள் கொட்டின. பிழையைத் திருத்தவே நேரம் போவதால், வேகத்தைக் கூட்டியும் வேகச் சோதனையில் மதிப்பெண் குறைந்தது. ஆகவே ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் மாதிரி ஒரு வேகச் சோதனையை ஓட்டி மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிகாஹெர்ட்ஸ் ஏறியும் மதிப்பெண் ஏறவில்லையென்றால் எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

இனி வோல்டேஜ். இதுதான் மொத்த விஷயத்தின் வயிற்றுப் பகுதி.

மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் சிப் 4.6-க்கு 1.35 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏறியது 15 சதவீதம். மின்செலவு ஏறுவதோ சுமார் 45 சதவீதம், கசிவைச் சேர்க்காமலே. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் இன்னும் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். ஒரு கட்டத்தில் வோல்டேஜ் ஏற்ற ஏற்ற ஸ்திரத்தன்மை குறைய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் எல்லை போட்டது சிலிக்கான் அல்ல, கூலர்.

கூலர் என்று வரும்போது அறையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதற்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் அது தீர்மானிக்கும். 21 டிகிரி அறையில் 80-ஐத் தொடும் பிராசஸர், சென்னையில் மே மாத மத்தியானம் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 95-ஐத் தொடும். டிசம்பர் ராத்திரியில் ஸ்டேபிள் என்று சேமித்துவைத்த பயாஸ் செட்டிங் கத்திரி வெயிலில் கவிழ்வதற்கு வேறு மர்மக் காரணம் தேட வேண்டியதில்லை. 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் பிராசஸர்களில் கூலரை மாற்றியும் பலன் காணாதவர்கள் உண்டு. சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே உலோகப் பற்றுக்குப் பதிலாக இன்டெல் சாதாரண தெர்மல் பேஸ்ட்டை வைத்திருந்தது. மூடியையே கழற்றி, உள்ளே திரவ உலோகம் தடவி, இருபது டிகிரிவரை குறைத்தார்கள் துணிந்தவர்கள். பிளேடு நழுவினால் பிராசஸர் போச்சு.

பயாஸில் 1.30 என்று எழுதினால் சிப்புக்கு 1.30 கிடைக்கிறதா? கிடைப்பதில்லை. சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியும். வழியில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தால் போதும், 100 ஆம்பியர் பாயும்போது 0.1 வோல்ட் போய்விடும். சும்மா இருக்கையில் 1.30 காட்டும் சிப், முழுச் சுமையில் 1.20-ல் திணறும். இதை ஈடுகட்ட பயாஸில் லோட்லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு உண்டு. அதை உச்சத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சுமை சட்டென்று இறங்கும் நொடியில் வோல்டேஜ் மேலே எகிறும், மானிட்டரிங் மென்பொருளின் கண்ணுக்கு அது படாது, ஆசிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். நடுத்தரமாக வைத்துவிட்டு, முழுச் சுமையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதே நல்லது.

அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் விஆர்எம் பகுதியும் ஒரு சந்தேக நபர். 2017-ல் இன்டெல்லின் எக்ஸ்299 போர்டுகள் வந்த புதிதில், டெர்பாவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்ட்டுங் அவற்றைக் கடுமையாகச் சாடினார். பத்து கோர் 7900எக்ஸைக் கொஞ்சம் தள்ளினாலே போர்டின் விஆர்எம் கொதித்தது. அதன்மேல் இருந்த ஹீட்சிங்க் அழகுக்கு இருந்ததே தவிர வேலைக்கு இல்லை. பிராசஸரின் வெப்பநிலை பத்திரமாக இருக்கையில் வேகம் மட்டும் திடீரென்று சரிந்தால் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஒரு சின்ன ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவைத்தால் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

இன்னொரு ரகம் உண்டு. எவ்வளவு வறுத்தாலும் தேறும், ஆனால் பிரவுசரைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ரைசன் 5000-க்குப் பிறகு வந்த கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜைக் குறைத்துவைப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் மெதுவாகத்தான் ஓடுகின்றன. ஒரே ஒரு கோர் தனியாக உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில்தான் குறைத்துவைத்த வோல்டேஜ் காலை வாருகிறது. இதற்கென்றே கோர்சைக்ளர் என்ற கருவி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் பிரைம்95-ஐ ஓட்டி, அடுத்ததற்குத் தாவும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எந்தக் கோர் விழுந்தது என்று எழுதிவைத்திருக்கும். அந்தக் கோருக்கு மட்டும் கொஞ்சம் வோல்டேஜைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் ஆசைக்கு ஓவர்கிளாக் செய்பவர்களின் பாடு என்று நினைக்க வேண்டாம். 2000 மார்ச்சில் ஏஎம்டி, இன்டெல்லை இரண்டு நாள் முந்திக்கொண்டு ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பதிலடியாக ஜூலை 31-ல் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இறக்கியது. பழைய வடிவமைப்பையே, வோல்டேஜைக் கூட்டி, இழுக்க முடிந்த மட்டும் இழுத்திருந்தார்கள். டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தின் தாமஸ் பாப்ஸ்ட் அதில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்து பார்த்தார், முடியவில்லை. ஹார்ட்ஓசிபி தளத்தின் கைல் பென்னட்டும் சிக்கலைக் கண்டார். முதலில் மழுப்பிய இன்டெல், பிறகு தன் சோதனைக்கூடத்திலும் அதே பிழை வந்ததும் ஆகஸ்ட் 28-ல் சிப்பைத் திரும்பப் பெற்றது. கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனியே ஓவர்கிளாக் செய்து விற்றால் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்குச் சிரித்தார்கள்.

பின்னால் அதுவே வழக்கமாகிப்போனது. 2500கே காலத்தில் வாங்குபவருக்கு விட்டுவைத்த இடைவெளியை இப்போது டர்போ, பூஸ்ட் என்ற பெயர்களில் கம்பெனிகளே தின்றுவிடுகின்றன. நன்றாக ஓவர்கிளாக் ஆகும் சிப்களைப் பொறுக்கியெடுத்துக் கூடுதல் விலைக்கு விற்ற சிலிக்கான் லாட்டரி என்ற அமெரிக்கக் கடை 2021-ல் கதவை மூடியது, பொறுக்குவதற்கு வித்தியாசம் மிச்சமில்லை. ரைசன் 7000 சிப்கள் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடுவதே இயல்பு என்று ஏஎம்டியே சொல்கிறது. இன்டெல்லின் 14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும்.

அந்தத் தொடுதலுக்கு விலை இருந்தது. 13900கே, 14900கே வைத்திருந்தவர்களுக்கு அன்ரியல் எஞ்சின் கேம்களைத் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று ஒரு பிழை வந்தது. 24 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் வந்தது! டிரைவரை மாற்றினார்கள், கார்டையே மாற்றினார்கள். உண்மையில் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேம் ஃபைல்களை விரித்தெடுக்கும் கணக்கைப் பிராசஸர் தப்பாகப் போட்டது. ரேமண்ட் சென்னின் சக ஊழியர் பார்த்த அதே வகை நோய், இந்த முறை யாரும் எதையும் ஓவர்கிளாக் செய்யாமலே. கூடுதல் வோல்டேஜிலும் வெப்பத்திலும் கோருக்குள் துடிப்பை எடுத்துச்செல்லும் சர்க்யூட் மூப்படைந்து, முன்பு போதுமாக இருந்த வோல்டேஜ் போதாமல் போவதாக 2024 செப்டம்பரில் இன்டெல் விளக்கம் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதமே 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுக்கும் மைக்ரோகோடை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்திருந்தது.

அந்தப் பிழையைப் பிடித்ததும் பழைய ஓவர்கிளாக்கர் வித்தையாலேதான், திசை மட்டும் எதிர். பெரிய கோர்களின் மல்டிபிளையரை ஓரிரண்டு படி இறக்கிவைத்தால் கேம் ஒழுங்காகத் திறந்தது. அப்படித் திறந்துவிட்டால் கிராபிக்ஸ் கார்டை விட்டுவிடலாம், குற்றவாளி பிராசஸர். பயாஸ் அப்டேட் இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை அது திருப்பிக் கொண்டுவராது. பில்லைத் தேடி எடுத்து, மாற்று கேட்க வேண்டியதுதான்.